தேதி போடாத ராஜினாமா கடிதங்கள்

"பர்ன் அவுட்" என்கிற வார்த்தை இன்றைய அர்த்தத்தில் புழக்கத்துக்கு வந்து ஐம்பது வருஷம் தாண்டிவிட்டது. இப்போது யாரைக் கேட்டாலும் இது ஏதோ ஐ.டி. கம்பெனிக்காரர்களுக்கு மட்டும் வருகிற சமாச்சாரம் என்றுதான் நினைப்பார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு கான்ஃபரன்ஸ் கால், தலைக்கு மேல் டெட்லைன், அப்புறம் ஒருநாள் "எனக்கு பர்ன் அவுட் ஆயிடுச்சுப்பா". ஆனால் இந்த வார்த்தை பிரபலமானது எந்தக் கம்பெனியிலும் இல்லை. ஓர் இலவச கிளினிக்கில்.

நியூயார்க்கில் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்று ஓர் உளவியலாளர் இருந்தார். 1926ல் ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட்டில் பிறந்த யூதர். சிறுவனாக இருக்கும்போதே நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா வந்து சேர்ந்தவர். பகலெல்லாம் சொந்த பிராக்டிஸ். சாயங்காலம் அதை முடித்துக்கொண்டு நேரே இலவச கிளினிக்குக்குப் போய்விடுவார். அங்கே வருகிறவர்களில் போதைப்பழக்கத்தில் மாட்டிக்கொண்ட இளைஞர்கள் நிறைய. வேலை பார்க்கிறவர்களில் பலர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். முதலில் உற்சாகமாக வருவார்கள். கொஞ்ச மாதம் போனதும் எரிந்து விழ ஆரம்பிப்பார்கள், எதிலும் நம்பிக்கை இருக்காது, வந்த நோயாளியைப் பார்த்தாலே கடுப்பாகும். அவருக்கே அது வந்தது. குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாளில் படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. தன் குரலையே டேப்பில் பதிவு செய்து, திரும்பப் போட்டுக் கேட்டு, தனக்கு என்ன ஆகிறது என்று ஆராய்ந்தாராம்!

1974ல் இதைக் கட்டுரையாக எழுதினார். நாள்பட்ட போதைப்பழக்கத்தால் ஓய்ந்துபோனவர்களைப் பற்றித் தெருவில் புழங்கிய சொல்லை எடுத்து, அவர்களைப் பார்த்துக்கொண்டவர்களுக்கே சூட்டினார். அவர் சொன்ன வைத்தியமும் ரொம்ப எளிமையானது. வேலை நேரத்தைக் குறை, ஒரே ஆளை ஒரே வேலையில் போட்டு வாட்டாதே, லீவு கொடு, ஆள் பற்றாவிட்டால் இன்னும் ஆள் சேர்.

சரி, பெயர் 1974ல் வந்தது. பெயர் வருவதற்கு முன்னால் அந்தக் களைப்பு இல்லாமலா இருந்திருக்கும்? இதைத் தேடிக்கொண்டு போனால் வந்து நிற்கிற இடம் இங்கிலாந்து. அங்கே ஒரு நாட்டின் குடும்ப டாக்டர்கள் எல்லாரும் சேர்ந்து களைத்துப்போன கதை ஒன்று இருக்கிறது. கொஞ்சம் நீளமான கதை, பொறுமையாகப் படியுங்கள் :-)

1948: கதவைத் திறந்த நாள்

1948 ஜூலை 5. அன்றைக்குத்தான் பிரிட்டனில் தேசிய சுகாதார சேவை (சுருக்கமாக என்.எச்.எஸ்.) ஆரம்பமானது. சுகாதார அமைச்சர் அன்யூரின் பெவன். தெற்கு வேல்ஸில் ட்ரெடிகர் என்ற நிலக்கரி ஊரில் பிறந்து, சுரங்கத்தில் வேலை பார்த்தவர். டாக்டரைப் பார்க்க யாரும் காசு கொடுக்க வேண்டாம் என்பதுதான் திட்டத்தின் உயிர்நாடி.

அதற்கு முன்னாலும் ஓர் இன்சூரன்ஸ் இருந்தது. 1911ல் லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்தது. ஆனால் அது வேலைக்குப் போகிற தொழிலாளிக்கு மட்டும். அவர் மனைவிக்குக் கிடையாது, குழந்தைக்குக் கிடையாது. அதனால் 1948ல் கதவு திறந்ததும் முதலில் வந்தவர்களில் பெண்கள் ரொம்ப அதிகம். பிரசவத்துக்குப் பிறகு கர்ப்பப்பை இறங்கி, அதை வருஷக்கணக்கில் சொல்லாமல், காட்டாமல், காசு இல்லாமல் பொறுத்துக்கொண்டு இருந்தவர்கள். இதைப் படித்தபோது எனக்கு மனசு கொஞ்சம் கனத்துப் போனது. இத்தனை வருஷ வலி மொத்தமும் வந்து நின்ற வாசல், தெருமுனை டாக்டருடைய வாசல்.

அந்த டாக்டரின் நிலைமை என்ன? அவர் அரசாங்க ஊழியர் இல்லை, ஒப்பந்தக்காரர். தன் பட்டியலில் எத்தனை பேர் இருக்கிறார்களோ, தலைக்கு இவ்வளவு என்று பணம். தனியாக பிராக்டிஸ் செய்கிறவர் அதிகபட்சம் 4,000 பேர் வரை வைத்துக்கொள்ளலாம் (1952ல் இதை 3,500 ஆக்கினார்கள்). அந்த 4,000 பேருக்கும் வருஷம் 365 நாளும் 24 மணி நேரமும் அவர்தான் பொறுப்பு. நடுராத்திரி குழந்தைக்கு ஜுரம் என்றாலும் அவர்தான் கோட்டை மாட்டிக்கொண்டு போகணும்.

போன் அடித்தால் யார் எடுப்பது? வேறு யார், டாக்டரின் மனைவிதான். சம்பளமில்லாத ரிசப்ஷனிஸ்ட், சம்பளமில்லாத கிளார்க், சில நேரம் சம்பளமில்லாத நர்ஸும்கூட. பல வீடுகளில் முன்னறைதான் கிளினிக். (அங்கே "சர்ஜரி" என்று சொன்னால் ஆபரேஷன் இல்லை, டாக்டர் உட்கார்ந்து நோயாளியைப் பார்க்கிற இடம். ரொம்ப நாள் எனக்கு இது குழப்பமாகவே இருந்தது.) அப்பாயின்ட்மென்ட் எல்லாம் அபூர்வம். வந்தவர்கள் வரிசையில் உட்கார வேண்டியது, ஒவ்வொருவராக உள்ளே போக வேண்டியது. ஆளுக்குச் சில நிமிஷம்.

ஆஸ்திரேலியாக்காரர் எழுதிய அறிக்கை

ஜோசப் காலிங்ஸ் என்று ஆஸ்திரேலிய டாக்டர் ஒருவர் இங்கிலாந்து முழுக்கச் சுற்றி, ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் குடும்ப டாக்டர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்த்தார். 1950 மார்ச்சில் "லான்செட்" பத்திரிகையில் அறிக்கை வந்தது. வந்ததும் பெரிய ரகளை. தொழில் நகரங்களில் அவர் பார்த்த சில கிளினிக்குகளின் நிலைமை, பொதுமக்கள் நலன் கருதி இழுத்து மூட வேண்டிய அளவுக்கு மோசம் என்கிற மாதிரி எழுதியிருந்தார். சரியான பரிசோதனைப் படுக்கைகூட இல்லாத இடங்கள், சட்டையைக்கூடக் கழற்றச் சொல்லாமல் நோயாளியை அனுப்பிவிடுகிற டாக்டர்கள்.

படித்தவர்கள் டாக்டர்களைத் திட்டினார்கள். காலிங்ஸ் சொல்லவந்தது அது மட்டுமில்லை. ஒரு நல்ல டாக்டரை அந்த அறையில் கொண்டுபோய் உட்காரவைத்தாலும் கொஞ்ச நாளில் அவரும் அப்படித்தான் ஆவார் என்பது அந்த அறிக்கையை முழுசாகப் படித்தால் புரியும். ஃப்ராய்டன்பெர்கர் 24 வருஷம் கழித்துப் பெயர் வைக்கப்போகிற விஷயத்தின் ஒரு பாதி இது. வேலை ஆளை மாற்றிவிடுகிறது.

ராமசாமி டாக்டரும் குப்புசாமி டாக்டரும்

இவர்கள் ஏன் ஒரு நர்ஸ் வைத்துக்கொள்ளவில்லை? ஒரு கிளார்க்கையாவது போட்டிருக்கலாமே? இந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கதையிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. பதில் மனசில் இல்லை, கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது.

டாக்டர்களின் தொழில் செலவை அரசாங்கம் ஒத்துக்கொண்டது. ஆனால் அதைக் கொடுத்த விதம்தான் விசித்திரம். நாட்டில் உள்ள எல்லா டாக்டர்களின் செலவையும் மொத்தமாகக் கூட்டி, ஒரு பொதுத் தொகையில் ("பூல்" என்று பெயர்) சேர்த்து, சராசரியாக எல்லாருக்கும் பிரித்தார்கள்.

ஓர் உதாரணக் கணக்கு (எண்கள் என்னுடையவை, முறைதான் அவர்களுடையது). சராசரி செலவு 500 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். ராமசாமி டாக்டர் நல்லவர். நர்ஸ் வைத்தார், கட்டிடத்துக்கு வெள்ளை அடித்தார், செக்ரட்டரி போட்டார். செலவு 900. கைக்கு வருவது 500. தன் சம்பளத்திலிருந்து 400 போச்சு. குப்புசாமி டாக்டர் ஒன்றும் செய்யவில்லை. மனைவி போன் எடுக்கிறார், நாற்காலி உடைந்தால் உடைந்தபடியே இருக்கிறது. செலவு 100. அவருக்கும் 500 வருகிறது. 400 லாபம்.

அதாவது ராமசாமியின் நர்ஸுக்கு ஆகும் காசு ராமசாமியின் பாக்கெட்டிலிருந்து போகும், குப்புசாமி சும்மா இருந்ததற்குப் பரிசு கிடைக்கும். இப்படி ஒரு ஏற்பாட்டை வைத்துக்கொண்டு "டாக்டர்கள் ஏன் இப்படிக் களைத்துப் போகிறார்கள்" என்று கேட்டால் என்ன சொல்வது?

பேசித் தீர்த்த டாக்டர்கள்

இதே காலத்தில் லண்டனில் வேறொரு முயற்சி நடந்தது. அதை ஆரம்பித்தவரும் ஓர் அகதிதான். மைக்கேல் பாலின்ட். 1896ல் புடாபெஸ்ட்டில் பிறந்தவர். அப்பா அந்த ஊரில் குடும்ப டாக்டர். 1939ல் மகன் இங்கிலாந்துக்கு வந்துவிட்டார். ஹங்கேரியிலேயே தங்கிவிட்ட பெற்றோர், நாஜிகளின் கையில் சிக்குவதைவிட மேல் என்று தற்கொலை செய்துகொண்டார்கள்.

பாலின்ட்டும் (பின்னாளில் அவர் மனைவியான) ஈனிட்டும் 1950களில் டாவிஸ்டாக் கிளினிக்கில் குடும்ப டாக்டர்களை வாரம் ஒருமுறை கூட்டி உட்காரவைத்தார்கள். ஃபைல் பார்த்துப் படிக்கக் கூடாது. ஒருத்தர் தன்னைத் தொந்தரவு செய்கிற ஒரு நோயாளியைப் பற்றி ஞாபகத்திலிருந்து சொல்லணும். மற்றவர்கள் கேட்பார்கள். எந்த மாதிரி நோயாளி? உங்களுக்கே தெரியும். எந்த டெஸ்ட்டிலும் ஒன்றும் இருக்காது, ஆனால் வாராவாரம் தலைவலி என்று வந்து நிற்பார். பிரிட்டனில் அப்போது நோயாளியின் குறிப்புகளை ஒரு சின்ன உறையில் போட்டு வைப்பார்கள், அதற்கு லாயிட் ஜார்ஜ் உறை என்றே பெயர். இந்த மாதிரி ஆட்களின் உறை மட்டும் உப்பிப்போய் இருக்கும். அந்த உறையைப் பார்த்தாலே டாக்டருக்கு வயிற்றைக் கலக்கும்.

"இவரைப் பார்த்தால் உங்களுக்கு ஏன் எரிச்சல் வருகிறது?" என்பதுதான் அந்தக் குழுவில் கேட்கப்பட்ட கேள்வியின் சாரம். அதுவரை எந்த மெடிக்கல் காலேஜிலும் டாக்டரின் எரிச்சலை ஒரு தகவலாக யாரும் எடுத்துக்கொண்டதில்லை. டாக்டரே ஒரு மருந்து, அந்த மருந்தை எவ்வளவு கொடுப்பது, பக்கவிளைவு என்ன என்று யாருக்கும் தெரியாது என்பது பாலின்ட்டின் வாதம். 1957ல் இதையெல்லாம் புத்தகமாக எழுதினார். 1969ல் அவர் பெயரிலேயே ஒரு சங்கம் வந்தது. அடுத்த வருஷக் கடைசியில், 1970 டிசம்பர் 31ல், இறந்துபோனார். இன்றும் பல நாடுகளில் "பாலின்ட் குழு" என்று டாக்டர்கள் கூடுகிறார்கள்.

இது பெரிய விஷயம், குறைத்துச் சொல்ல மாட்டேன். தனியாக ஓர் அறையில் அடைபட்டு வேலை செய்கிற ஆளுக்கு, தன்னைப் போலவே இன்னும் பத்துப் பேர் எரிச்சலில் இருக்கிறார்கள் என்று தெரிவதே பாதி நிம்மதி. ஆனால் வாரத்தில் ஒரு பகலை ஒதுக்கி லண்டனுக்கு வர முடிந்தவர்கள்தான் அந்த நாற்காலிகளில் உட்கார முடிந்தது. சுரங்க ஊரில் ஒண்டியாக 3,000 பேரைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு? அவர் வந்தால் அன்றைக்கு கிளினிக்கை யார் பார்ப்பது?

கப்பல் ஏறியவர்களும் வந்து இறங்கியவர்களும்

1960களின் ஆரம்பத்தில் பிரிட்டிஷ் டாக்டர்கள் கனடா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று கிளம்ப ஆரம்பித்தார்கள். படித்து முடித்த இளைஞர்கள் குடும்ப டாக்டர் வேலை பக்கமே வரவில்லை. ஆஸ்பத்திரி ஸ்பெஷலிஸ்ட் ஆகணும், இல்லையா விமானம் ஏறணும். இருக்கிறவர்களின் எண்ணிக்கை குறைய, ஒவ்வொருவரின் பட்டியலும் நீண்டது.

அந்தக் காலி இடங்களில் வந்து உட்கார்ந்தவர்களில் நம்மவர்கள் நிறைய. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை டாக்டர்கள். சென்னை, கொழும்பு மருத்துவக் கல்லூரிகளில் படித்தவர்களும் உண்டு. பெரும்பாலானோர் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சையோ இதய மருத்துவமோ படித்து முன்னேறலாம் என்று வந்தவர்கள். அந்தக் கதவுகள் பலருக்குத் திறக்கவில்லை. திறந்தது, உள்ளூர்க்காரர்கள் போக விரும்பாத ஊர்களின் கதவு. வேல்ஸின் சுரங்கப் பள்ளத்தாக்குகள், வடக்கே ஆலை நகரங்கள், லண்டனின் கிழக்குப் பகுதி. ஜூலியன் சிம்ப்சன் என்ற வரலாற்று ஆய்வாளர் இப்படி வந்தவர்களை நேரில் பேட்டி கண்டு 2018ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். என்.எச்.எஸ்.ஸைக் கட்டியவர்களில் இவர்களும் உண்டு என்பதே அவர் சொல்ல வந்தது.

ஒண்டி பிராக்டிஸ், ஏழை ஊர், நீண்ட பட்டியல், நிறத்தைப் பார்த்து முகம் சுளிக்கும் சிலர், பேச்சுத் துணைக்கு மனைவி மட்டும். குடும்ப டாக்டர்களின் மன அழுத்தம் பற்றிய சரித்திரத்தில் இவர்களுக்கு ஓர் அத்தியாயம் இருக்கணும் இல்லையா? பெரும்பாலும் ஒரு பாராவோடு முடித்துவிடுகிறார்கள். (நானும் இரண்டு பாராதான் எழுதியிருக்கிறேன், தனிப் பதிவாக எழுத ஆசை.)

1965: ராஜினாமா

இப்போது தலைப்புக்கு வருவோம்.

1965 பிப்ரவரியில் இரண்டு விஷயம் நடந்தது. புதிதாக வந்திருந்த தொழிற்கட்சி அரசாங்கம் மருந்துச் சீட்டுக்கு வாங்கிவந்த கட்டணத்தை ரத்து செய்தது. மக்களுக்கு நல்லது, ஆனால் கூட்டம் கூடும் என்று டாக்டர்களுக்குக் கவலை. அதே மாதம் சம்பள ஆய்வுக் குழுவின் முடிவு வந்தது. டாக்டர்கள் கேட்டது சுமார் 1 கோடியே 80 லட்சம் பவுண்டு. பரிந்துரைத்தது 55 லட்சம்.

பொறுமை போய்விட்டது. பிரிட்டிஷ் மருத்துவ சங்கம் டாக்டர்களுக்குக் கடிதம் எழுதியது: என்.எச்.எஸ்.ஸை விட்டு விலகுகிறேன் என்று கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். தேதி மட்டும் போட வேண்டாம், அதை நாங்கள் தேவைப்படும்போது போட்டுக்கொள்கிறோம். சுமார் 18 ஆயிரம் கடிதங்கள் வந்து குவிந்தன! குடும்ப டாக்டர்களில் பெரும்பான்மையினர். நினைத்துப் பாருங்கள், ஒரு தேதியை எழுதினால் போதும், ஒரு நாட்டின் தெருமுனை வைத்தியம் மொத்தமும் நின்றுபோகும்.

அந்தக் கடிதக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு 1965 மார்ச்சில் ஒரு சாசனத்தை வெளியிட்டார்கள். பேச்சுவார்த்தைக்குத் தலைமை டாக்டர் ஜேம்ஸ் கேமரன். எதிரே சுகாதார அமைச்சர் கென்னத் ராபின்சன். அவரும் ஒரு குடும்ப டாக்டரின் மகன்! போன் அடித்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று தெரிந்தவர்.

சாசனத்தில் என்ன கேட்டார்கள்? என் வார்த்தையில் சொல்கிறேன். ஒவ்வொரு நோயாளிக்கும் போதிய நேரம் வேண்டும். புதுசாகப் படித்துத் தெரிந்துகொள்ள வழி வேண்டும். வைத்திய முடிவில் யாரும் தலையிடக் கூடாது. ஒழுங்கான கட்டிடம், கருவிகள் வேண்டும். பரிசோதனை வசதியும் உதவிக்கு ஆளும் வேண்டும். தனித்திறமையை வளர்த்துக்கொள்ள ஊக்கம் வேண்டும். நல்ல வைத்தியத்தை ஊக்குவிக்கிற மாதிரி சம்பளம் வேண்டும். கடைசியாக ஒன்று: கொஞ்சமாவது ஓய்வு மிஞ்சுகிற மாதிரி ஒரு வேலை நாள் வேண்டும்.

பட்டியலைத் திரும்பப் பாருங்கள். எட்டில் ஒன்றுதான் நேரடியாகக் காசு.

1966ல் புது ஒப்பந்தம் வந்தது. ராமசாமி டாக்டரின் பிரச்சினையை நேரடியாகத் தீர்த்தார்கள். ஊழியர் சம்பளத்தில் 70 சதவீதத்தை அரசாங்கமே திருப்பிக் கொடுக்கும். கிளினிக் வாடகையும் வரியும் முழுசாகத் திரும்பக் கிடைக்கும். கட்டிடம் கட்டக் கடன் கொடுக்கத் தனி நிதி நிறுவனம். சேர்ந்து பிராக்டிஸ் செய்தால் தனிப்படி. டாக்டர் இல்லாத ஊரில் போய் உட்கார்ந்தால் அதற்கும் தனிப்படி.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அதே டாக்டர்கள், அதே நோயாளிகள். ஆனால் பத்துப் பதினைந்து வருஷத்தில் ரிசப்ஷனிஸ்ட் வந்துவிட்டார், நர்ஸ் வந்துவிட்டார், முன்னறை கிளினிக்குகள் குறைந்து நாலைந்து டாக்டர்கள் சேர்ந்து நடத்துகிற கட்டிடங்கள் எழுந்தன. இளைஞர்கள் குடும்ப மருத்துவத்தைத் தேடி வர ஆரம்பித்தார்கள். அந்த 18 ஆயிரம் கடிதங்களில் தேதி எழுதவேண்டி வரவே இல்லை.

முடிந்துவிட்டதா?

முடியவில்லை. ராத்திரிப் பொறுப்பு அப்படியே தொடர்ந்தது. 2004ல் வந்த ஒப்பந்தத்தில்தான், வருஷத்துக்குச் சராசரியாகச் சுமார் 6,000 பவுண்டை விட்டுக்கொடுத்தால் இரவு, வாரக்கடைசி பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ளலாம் என்று வழி வைத்தார்கள். பெரும்பாலானவர்கள் காசை விட்டுவிட்டுத் தூக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். அதற்காகத் திட்டும் வாங்கினார்கள். அப்புறம் பகல் நேரம் நீண்டது, பேப்பர் வேலை கூடியது, 2020ல் கொரோனா வந்தது. ஒரு தலைமுறைக்குத் தீர்ந்தது, அடுத்த தலைமுறைக்கு வேறு ரூபத்தில் வந்து நின்றது.

2019ல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11வது பதிப்பில் பர்ன் அவுட்டைச் சேர்த்தபோது ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னது. இது ஒரு நோய் இல்லை, வேலை சம்பந்தப்பட்ட நிலைமை. நோய் என்றால் மருந்து டாக்டரின் உடம்புக்குப் போகணும். வேலையின் கோளாறு என்றால் வேலைக்குத்தான் மருந்து.

இன்றைக்கு எந்த நாட்டிலும் ஆரம்ப சுகாதார ஊழியர்களின் மன அழுத்தம் என்று பேச்சு வந்தால் உடனே ஒரு பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள். மூச்சை இழுத்து விடுங்கள், நேர்மறையாக யோசியுங்கள், நாலு பேரோடு மனம்விட்டுப் பேசுங்கள். செய்யட்டும், நல்லதுதான். பாலின்ட்டே அதற்குச் சாட்சி. ஆனால் அந்த வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் நர்ஸம்மா எழுந்து ஒரு கேள்வி கேட்டால் நன்றாக இருக்கும்.

"அதெல்லாம் சரிங்க சார். நான் இங்கே மூச்சு விட்டுக்கிட்டு இருக்கிற நேரத்துல, அங்கே வரிசையில நிக்கிறவங்களை யாரு பார்க்கிறாங்க?"